ஆனந்தரூபன் சாகிற நாட்கள்

கடியப்பட்டணத்தில் கொடிக்கயிற்று வீடு எது என்று கேட்டால் மணலில் விளையாடுகிற பிள்ளையும் கை நீட்டிக் காட்டும். கோவில் திருவிழாவுக்குக் கொடியேறும்போது கயிற்றை முதலில் தொடுகிற உரிமை அந்த வீட்டு ஆண்களுக்கு. பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுக்கும் கயிறு ததேயுஸின் கைக்கு வந்து, அவர் பிடித்து ஒரு இழுப்பு இழுத்த பிறகுதான் ஊர் பிடிக்கும். அவருடைய தகப்பனும் பாட்டனும் அப்படிப் பிடித்தவர்கள். அதனாலோ என்னவோ, ததேயுஸ் கூன் போட்டு நடந்து யாரும் பார்த்ததில்லை. அறுபது தாண்டிய பிறகும் முதுகு கொடிமரம் மாதிரி நிற்கும்.

அப்படிப்பட்ட மனிதர் மத்தியானம் ஒன்றரை மணிக்கு சீரியல் பார்க்கிறார் என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அது தெரிந்தவள் அவர் மனைவி வியாகுலம்மாள் மட்டும்தான். அவர் எதற்காகப் பார்க்கிறார் என்று தெரிந்தவளும் அவள்தான்.

ஆரம்பத்தில் சீரியல் அவளுடைய சங்கதி. மீன் விற்று, குழம்பு வைத்து, ஆண்களுக்குச் சோறு போட்டு முடித்தால் ஒன்றரை. கரையில் ஆண்கள் வலை மேல் தலை வைத்துத் தூங்குகிற நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு வியாகுலம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தால் வீட்டில் பூனைகூடக் குறுக்கே போகாது. அவளுக்கென்று ஆட்கள் இருந்தார்கள். எல்லா சீரியலிலும் டாக்டராகவே வருகிற ஒரு வழுக்கைத்தலை. அவன் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ பிழைக்கமாட்டார்கள் என்று அர்த்தம். பெரிய பொட்டு வைத்த ஒரு வில்லி. அவளைத் திட்டுவதற்காகவே வியாகுலம்மாள் அரைத்துக்கொண்டிருந்த அம்மியை விட்டு எழுந்து வருவாள். மருமகளாக வந்து அழுதுகொண்டிருந்தவள் கொஞ்ச வருடத்தில் மாமியாராக வந்து அழவைத்தாள். இடையில் யாராவது காணாமல்போய், "இவருக்குப் பதில் இவர்" என்று கீழே எழுத்துப் போட்டு வேறொரு முகம் வந்து உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் பிடிக்காது. "முந்தாநாள் வரைக்கும் ஒருத்தன் புருசன், இண்ணைக்கு வேறொருத்தனா? ஊரு சிரிக்காதா?" என்பாள்.

எல்லோருக்கும் மேலே ஆனந்தரூபன். மெல்லிய மீசை, நனைந்த கண், "அம்மா" என்று கூப்பிட்டால் கேட்கிறவளுக்குப் பால் சுரக்கும் குரல். 'மாமரத்து வீடு' என்ற சீரியலில் அவன்தான் குடும்பத்துக்கு மூத்த மகன்.

2004 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அந்த மூத்த மகன் லாரி மோதிச் செத்தான். வியாகுலம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அதிரசத்துக்கு மாவு பிசைந்த கை அப்படியே காய்ந்துபோயிற்று.

"ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா எவனுக்கோ மாரடிக்கியா? எழும்பு!" என்று ததேயுஸ் சத்தம் போட்டார்.

"எவனுக்கோவா? மூத்த பிள்ளை போயிருக்கான், பெத்தவ இருக்கப்பட்ட இருப்பைப் பாத்தியளா நீங்க?"

"மூத்த பிள்ளை உனக்கும் ஒருத்தன் இருக்கான். அவனுக்குச் சோறு போடு போ."

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து கரையில் வலை உதறிக்கொண்டிருந்த அவர்கள் மூத்த மகன் ஜேசுதாஸைக் கடல் வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. அன்று கடற்கரை முழுக்க எத்தனையோ வீட்டில் ஒப்பாரி. அந்த ஒப்பாரிக்குள் வெள்ளிக்கிழமை அழுகையை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? ஆனால் ததேயுஸ் தான் சொன்ன வார்த்தையை நினைத்துப் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு வருடம் கழித்து, வேறொரு சீரியலில், ஆனந்தரூபன் குடும்பத் தலைவனுக்குத் தம்பியாக வந்தான். துபாயில் வேலை பார்க்கிற தம்பி. அவனை அங்கேயே மாரடைப்பில் சாகடித்தார்கள். விமானத்தில் பெட்டி வந்து இறங்குகிற காட்சியை மூன்று நாள் இழுத்தார்கள். நான்காம் நாள் மஸ்கட்டிலிருந்து ததேயுஸுக்கு போன் வந்தது. அவருடைய ஒரே தம்பி செல்வதாஸ் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான்.

இந்த செல்வதாஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் பூதப்பாண்டிப் பக்கம் வயல்வீட்டுப் பெண் செல்லத்தாயை விரும்பி, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டவன். கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை, கொடிக்கயிற்று வீட்டில் பந்தல் போடவில்லை. "அவ சமைச்ச சோறு எனக்குள்ள இறங்காது. அவ வயித்துல பிறக்குறது எனக்க வீட்டுக் கணக்குல வராது" என்று ததேயுஸ் அன்றைக்குச் சொன்னார். அந்தப் பெண் பிறகு ஞானஸ்நானம் வாங்கினாள், மீன் சுமந்தாள், ஒரு மகனைப் பெற்று அபின் என்று பேர் வைத்தாள். ததேயுஸ் தன் வார்த்தையிலிருந்து இம்மி நகரவில்லை. தம்பியின் பெட்டி வந்தபோது அதைத் தன் வீட்டு முற்றத்தில்தான் இறக்க வைத்தார். படத்தைத் தன் வீட்டுச் சுவரில், ஜேசுதாஸின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். செல்லத்தாயும் பையனும் சுனாமிக் குடியிருப்பின் கடைசி வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். கொடியேற்றத்தன்று அபின் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கயிற்றின் வால் பக்கம் பிடிப்பான். ததேயுஸ் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

செல்வதாஸை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று வியாகுலம்மாள் கதவைச் சாத்திவிட்டு அவர் அருகில் வந்தாள்.

"கேட்டியளா... அவன் செத்தா நம்ம வீட்டுல சாவு."

"எவன்?"

"உங்களுக்குத் தெரியும்."

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. "இதை வெளியே மூச்சு விட்ட... கொடிக்கயிறு பிடிக்கப்பட்ட குடும்பம் டிவிப் பெட்டியைப் பாத்துப் பயப்படுதுண்ணு சாமியார் பிரசங்கத்துல சொல்லிச் சிரிப்பாரு" என்றார்.

மறுநாள் முதல் அவரும் பார்த்தார். நடுவீட்டில் இல்லை, அடுத்த அறையில், கதவு பாதி திறந்திருக்க, செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு. ஆனந்தரூபன் எந்த சீரியலில் வருகிறான், என்ன வேஷம், யாரோடு பகை, இருமுகிறானா, கார் ஓட்டுகிறானா என்பதெல்லாம் வியாகுலம்மாளைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் மாடிப்படியில் நின்று பேசினால் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். சில வருடம் அவனுக்கு ஓடி ஓடி உழைக்கிற மாமா வேஷமும் சிரிப்பு வேஷமும்தான் கிடைத்தது. அந்த வருடங்களில் கொடிக்கயிற்று வீட்டில் ஒரு காய்ச்சல்கூட இல்லை.

2017இல் 'அண்ணன் மனை' வந்தது. நான்கு அண்ணன் தம்பிகளின் கதை. ஆனந்தரூபனுக்கு ஐம்பது வயது இருக்கும்; மை அடித்த தலையோடு அவனைக் கடைசித் தம்பியாக நிறுத்தியிருந்தார்கள். "கடைக்குட்டி, கடைக்குட்டி" என்று மற்ற மூவரும் அவன் கன்னத்தைத் தடவுவார்கள். அக்டோபர் கடைசியில் அவனை யாரோ பாலத்திலிருந்து தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடந்தான். வழுக்கைத்தலை டாக்டர் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடியைக் கழற்றினார்.

வியாகுலம்மாள் திரும்பிப் பார்த்தாள். பாதிக் கதவுக்கு அந்தப் பக்கம் செய்தித்தாள் அசையவில்லை.

வீட்டில் மிச்சம் இருந்த மகன் லிஜின். கடைசி மகன். வீட்டு வள்ளத்தில் ரசலையன் தலைமையில் போகிற நான்கு பேரில் ஒருவன். சனிக்கிழமை சோறு தின்றுகொண்டே அவன்தான் சொன்னான்: "அம்மா, உனக்க ஆளு நாளைக்கு நாகர்கோவில் வாறான். புது ஜவுளிக்கடை தொறக்க. போஸ்டர் ஒட்டியிருக்கு. போறியா? கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு வரலாம்."

"எனக்கு எதுக்குலே அவனுக்க கை?" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ததேயுஸ் திருவிழாவுக்கு உடுத்துகிற வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக பஸ் ஏறினார். கடை வாசலில் பெண்கள் கூட்டம் போலீஸைத் தள்ளிக்கொண்டிருந்தது. இவர் நடையைப் பார்த்து, யாரோ அழைக்கப்பட்ட பெரிய மனிதர் என்று எண்ணி, காவலாளி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே, சேலைக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் ஆனந்தரூபன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பழம்பொரி தின்றுகொண்டிருந்தான். அருகில் பார்க்க முகத்தில் மாவு அப்பின மாதிரி இருந்தது. ஒரு கால் வீங்கியிருந்தது.

"உக்காருங்க பெரியவரே. செல்பியா?"

"இல்ல." ததேயுஸ் உட்காரவில்லை. வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு. கேட்பது எப்படி என்று தெரியாமல் உத்தரவு போடுவது போலச் சொன்னார்: "நீங்க சாகப்பிடாது."

ஆனந்தரூபன் சிரித்தான். "நேத்து மார்த்தாண்டத்துல ஒரு அம்மா இதையேதான் சொல்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. உங்க வீட்டம்மா அனுப்பினாங்களா?"

"அவளுக்கு நெஞ்சுக்குச் சுகமில்ல. தாங்கமாட்டா." அது பொய். உண்மையைச் சொல்வதைவிட அந்தப் பொய் கௌரவமாக இருந்தது.

"என் கையில என்னங்க இருக்கு? வேற கம்பெனியில நல்ல வேஷம் ஒண்ணு வந்துச்சு, ஒத்துக்கிட்டேன். இவங்களுக்குக் கோபம். தூக்கிட்டாங்க."

"உங்களுக்குப் பதிலு வேற ஆளைப் போடலாமே. கீழ எழுத்துப் போடுவாங்கல்லா."

"போட்டிருக்கலாம். முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா போட்டிருப்பாங்க." அவன் விரலைத் துடைத்துக்கொண்டான். "படம் பிடிச்சு முடிஞ்சுபோச்சு பெரியவரே. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ரெண்டு நாள் படுத்துக் கிடந்தேன், சளி பிடிச்சதுதான் மிச்சம். வர்ற புதன்கிழமை காட்டுறாங்க." பிறகு, எதையோ பங்கு வைப்பவன் போலக் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்லவா? சாகுறது எனக்கு ராசி. ஒவ்வொரு தடவை செத்தப்புறமும் அதைவிடப் பெரிய வேஷம் வந்திருக்கு."

ததேயுஸ் கும்பிடாமல் திரும்பி வெளியே வந்தார்.

பஸ்ஸில் வரும்போது அவர் மனது தெளிந்துவிட்டது. நாள் தெரிந்துவிட்டது. இதற்கு முன் இரண்டு தடவையும் தெரியாமல் வந்தது. தெரிந்த பிறகும் வாசலைத் திறந்து வைப்பவன் மடையன். முன்னாடியே சொல்லியிருந்தால் பதில் ஆள் போட்டிருப்பார்கள் என்று அவனே சொன்னான் அல்லவா?

"புதன்கிழமை நீ கடலுக்குப் போகாண்டாம்" என்று லிஜினிடம் சொன்னார்.

"ஏன் அப்பா? நெத்திலி நல்லாப் படுது."

"நான் சொல்லுகேன்."

"சொல்லுகதுக்கு ஒரு காரணம் வேண்டாமா? ரசலையண்ணன் என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல?"

"அப்பன் சொன்னாருண்ணு சொல்லு."

செவ்வாய்க்கிழமை ரசலையனே வீட்டுக்கு வந்தான். அவன் அந்த வள்ளத்தில் இருபது வருடமாகப் போகிறவன். ததேயுஸின் முன்னால் சுருட்டை மறைப்பான், பேச்சை மறைக்க மாட்டான்.

"அண்ணா, லிஜினை நிறுத்தினா நிறுத்துங்க. ஆனா வள்ளத்து வீட்டு ஆளு ஒருத்தன் இல்லாம வள்ளம் இறங்காது. இது நீங்க சொல்லித்தந்த முறைதான். முன்னால அணியத்துல உங்க வீட்டு ஆளு இருந்தாத்தான் பயக்க காலெடுத்து வைப்பானுவ. நீங்க வாறியளா?"

"எனக்கு அறுவத்தேழு வயசுலே."

"அப்பம் நாளைக்கு வள்ளத்தைக் கமத்திப் போட்டுரலாமா? மூணு வீட்டுல அடுப்பு எரியாண்டாமா?"

ததேயுஸ் சுவரைப் பார்த்தார். ஜேசுதாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வதாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆளு வரும்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் சுனாமிக் குடியிருப்புக்கு நடந்து போனார். கடைசி வீட்டு வாசலில் செல்லத்தாய் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவர் அந்த வாசலுக்கு வந்ததில்லை. அவள் எழுந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"வாருங்கோ. உனக்க பெரியப்பா வந்திருக்காரு, லே மக்கா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பிறகு மெதுவாக, "உள்ள வருவியளா?" என்றாள்.

"இல்ல. இஞ்சயே நிக்கேன்."

அபின் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு வயது. செல்வதாஸின் அதே அகலமான நெற்றி. ஊரார் வள்ளங்களில் கூலிக்குப் போகிறவன்.

"நாளைக்கு நம்ம வள்ளத்துல லிஜினுக்க இடத்துல நீ போகணும்" என்றார் ததேயுஸ்.

பையன் "நம்ம வள்ளத்துலயா?" என்று திருப்பிக் கேட்டான். "அணியத்துலயா பெரியப்பா?"

"அணியத்துலதான்."

செல்லத்தாய்தான் கேட்டாள்: "லிஜினுக்கு என்ன?"

"ஒரு சோலி இருக்கு."

"வீட்டு ஆளு இருக்கப்பட்ட இடம்லா அது? இவனை ஏத்தினா உங்க ஆளுவ ஒத்துக்கிடுவினுமா?"

"நான் சொன்னா ஒத்துக்கிடுவானுவ."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ ஒன்று அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற மகனின் முகத்தைப் பார்த்தபோது அவளால் தடுத்துச் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் அவள் கண்டு நாளாயிற்று.

புதன்கிழமை காலையில் கரையில் வள்ளத்து ஆட்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ஒருவன் நேராகவே கேட்டான், "கொடிக்கயிற்று வீட்டு ஆளுண்ணு இவனை எப்பம் சேத்திய?" என்று. ததேயுஸ் அபினின் தோளில் கை வைத்தார். அது அவர் அவனைத் தொட்ட முதல் தடவை.

"எனக்க தம்பிக்க மகன். எனக்க வீட்டு ஆளுதான். இனி எவனாவது வேற மாதிரிப் பேசினா எனக்கிட்டப் பேசணும்."

கரை அடங்கிவிட்டது. அவர் சொல்லுக்கு அவ்வளவு கனம். வலையும் ஐஸும் ஏற்றத் தொடங்கினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு இறங்குவதாகப் பேச்சு. வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. காற்று ஒரு பக்கமிருந்தும் இல்லை. கிழவர்கள் சிலர் கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒன்றரை மணிக்கு ததேயுஸ் கதவை முழுக்கத் திறந்து வைத்து, நாற்காலியை நடுவீட்டில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செய்தித்தாள் இல்லை. வியாகுலம்மாள் ஜெபமாலையோடு தரையில் இருந்தாள். பின்முற்றத்தில் லிஜின் கோபத்தோடு விறகு வெட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே ஆனந்தரூபன், மூக்கில் பஞ்சோடு, ரோஜா மாலைக்கடியில். மூன்று அண்ணன்மாரும் பெட்டி மேல் விழுந்தார்கள். மூத்தவன் கேமராவைப் பார்த்துக் கதறினான்: "இந்த வீட்டுக்கே நீதானடா கடைசி! உனக்கப்புறம் பொறந்தவங்க யாருடா இருக்கா எங்களுக்கு!"

விறகு வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வியாகுலம்மாளின் விரல் ஒரு மணியில் நின்றுவிட்டது. "கேட்டியளா" என்றாள். "நம்ம வீட்டுக்குக் கடைசி யாரு?"

"லிஜின்."

"அபின் லிஜினுக்கு மூணு வயசு இளையவன்லா?"

"அவன் நம்ம வீட்டு..." என்று தொடங்கினார். இருபத்து சொச்சம் வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. பாதியில் நாக்கில் நின்றுவிட்டது. காலையில் அத்தனை பேர் முன்னால் தோளில் கை வைத்துச் சொன்னது இன்னும் உள்ளங்கையில் சூடாக இருந்தது.

அவர் எழுந்தார். குடையை எடுத்தார். கடற்கரைக்கு நடந்தார். ஓடவில்லை, கொடிக்கயிற்று வீட்டு ஆண் ஓடினால் ஊர் பின்னால் ஓடிவரும்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மேகம் கருத்து வருகிறது, மழைக்கு முன்னே வலை போட்டுவிடலாம் என்று சொல்லி, பேசின நேரத்துக்கு முன்னதாகவே வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அபின் அணியத்தில் நின்றான். தலையில் புதுத் துண்டு கட்டியிருந்தான். செல்லத்தாய் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். ததேயுஸின் பின்னாலேயே மேல்சட்டை இல்லாமல் லிஜின் ஓடி வந்து நின்றான்; அப்பா குடையோடு போன வேகம் அவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

"அப்பா, நானே ஏறட்டா? அவனை இறக்கிவிடுங்க. இன்னும் நேரமிருக்கு."

ரசலையன் கழுத்தளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தான். "என்ன அண்ணா? எதாவது சொல்லணுமா?"

கரையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். என்ன சொல்வது? டிவியில் ஒருவன் செத்தான், அதனால் வள்ளத்தை இழுங்கள் என்றா? காலையில் வீட்டு ஆள் என்றேன், இப்போது இல்லை என்றா? இவனை இறக்கினால் லிஜின் ஏறுவான். யாரையும் ஏற்றாதே என்றால் காரணம் சொல்ல வேண்டும். எல்லா வழிகளும் அவர் நின்ற இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

"பெரியப்பா!" என்று அபின் கையை உயர்த்தினான். "என்னை அனுப்ப வந்தியளா?"

"ஒண்ணுமில்ல" என்றார் ததேயுஸ். "பாத்துப் போங்க."

என்ஜின் பிடித்தது. வள்ளம் அலையேறி இறங்கிச் சிறிதாகிக்கொண்டு போயிற்று. அவர் முதுகு வளையாமல் குடைக்கடியில் நின்றார். லிஜின் மணலை உதைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

விடியும் முன்னே காற்று வந்தது. ஓடுகளை உரித்து, தென்னைகளைத் தலைகீழாய் நட்டு, கோவில் மணியைத் தானே அடிக்க வைத்த காற்று. பிறகு அதற்கு ஒக்கி என்று பேர் சொன்னார்கள். மாவட்டம் முழுக்கக் கடற்கரையில் பெண்கள் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாய் எல்லோருக்கும் தள்ளி ஒரு பாறையில் இருந்தாள். வியாகுலம்மாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள், முகம் திருப்பவில்லை.

ரசலையனும் மற்ற இருவரும் வாரம் ஒன்று ஆன பிறகு கேரளத்துக் கரையிலிருந்து வந்து சேர்ந்தார்கள், உப்பு வெந்த தோலும் ஒட்டின வயிறுமாக. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். ரசலையன் ததேயுஸின் முற்றத்தில் வந்து நின்று சொன்னான்: "ரெண்டாவது நாள் வரைக்கும் எங்க கூட இருந்தான் அண்ணா. எனக்குக் கை மரத்தப்பம் அவனுக்க துண்டை அவுத்து என்னை வள்ளத்தோட சேத்துக் கெட்டினான். 'நான் வள்ளத்து வீட்டு ஆளு, நான் பாத்துக்கிடுகேன்'ணான். பொறவு ஒரு அலை வந்துது."

உடல் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் பூசைக்கு முந்தின தினம் ததேயுஸ் சுத்தியலை எடுத்து, செல்வதாஸின் படத்துக்குப் பக்கத்தில் தானே ஒரு ஆணி அடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்ததைத் தானே கூட்டினார். பிறகு சுனாமிக் குடியிருப்புக்குப் போனார். இந்தத் தடவை வாசலில் நிற்காமல், தலை குனிந்து நிலை தாண்டி உள்ளே போனார். நிலை தாழ்வாக இருந்ததால்தான் குனிந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"அவனுக்க படம் ஒண்ணு தா. நம்ம வீட்டுல மாட்டணும். அவனுக்க அப்பன் பக்கத்துல."

செல்லத்தாய் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

"ஏன் அண்ணைக்கு லிஜினை நிறுத்தினிய?" என்று கேட்டாள்.

அவர் தோள் துண்டை எடுத்து மறுதோளில் போட்டார்.

"சோலி இருக்குண்ணு சொன்னிய. வீட்டுல விறகு வெட்டினேண்ணு லிஜினே வந்து எனக்கிட்டச் சொல்லி அழுதான்." அவள் எழுந்து கதவருகே போய் நின்றாள். "படம் தரமாட்டேன். உங்களுக்கு ஆளு வேண்டியிருந்த ஒரு நாளைக்கு மட்டும் எனக்க பிள்ளை உங்க வீட்டு ஆளு. அந்த நாளு முடிஞ்சுபோச்சு. போங்க."

அவர் வந்துவிட்டார். அந்த வருடம் கொடியேற்றத்தில் கயிறு கைக்கு வந்தபோது அவர் பிடித்தார், இழுத்தார். லிஜின் அவர் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. கூட்டத்தின் கடைசியில், அபின் வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்று வாலைப் பிடித்தான். கொடியேறி மூன்றாம் நாள் அவன் வேறொருவர் வள்ளத்தில் கடலுக்குப் போகத் தொடங்கினான். அப்பாவோடு பேச்சில்லை.

ஆணியை அவர் பிடுங்கவில்லை. இரண்டு படங்களுக்குப் பக்கத்தில் அது வெறுமே நீட்டிக்கொண்டிருந்தது.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம். வியாகுலம்மாள் இப்போதெல்லாம் சீரியல் போடுவதில்லை. அன்று என்னவோ கை பழக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டாள். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. விரைவில் வருகிறது என்று ஒரு புதுத் தொடர். பெரிய வீடு, அகன்ற படிக்கட்டு. படியின் உச்சியில் வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக ஒரு பெரியவர், நரைத்த தலை, நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. கீழே மகன்களும் மருமகள்களும் கை கட்டி நின்றார்கள். "இந்த வீட்டுல என் வார்த்தைதான் கடைசி வார்த்தை" என்றார் பெரியவர். நனைந்த கண். அதே குரல்.

வியாகுலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள், பிறகு சுவரை.

"அணைச்சிரட்டா?" என்றாள்.

"வேண்டாம்" என்றார் ததேயுஸ்.

நாற்காலியை ஆணிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டு, சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.